மஞ்சள் பூசிய கல்வட்டம்

ஓசூர்
12 ஜூன் 2005

மனோன்மணி,

உறையின் பின்பக்கம் அனுப்பியவர் பெயரைப் பார்த்திருப்பாய். நான்தான், வேதவல்லி. கடைசியாக எழுதியது உன் அப்பா இறந்தபோது. நீ பதில் போடவில்லை. அதைக் குத்திக்காட்ட இப்போது எழுதவில்லை.

போனில் பேசலாம் என்றால், எங்கள் நிலத்தில் நின்றால் செல்போன் கர்நாடகா டவரைப் பிடித்து ரோமிங் காசைத் தின்கிறது. வீட்டுக்குள் நின்றால் எல்லோர் காதும் என் பக்கம் இருக்கிறது.

பாண்டவர் குழி நிலத்தை விற்கப் போகிறார்கள். உனக்கு நினைவிருக்கும். எண்பத்தொன்றில் எம்.ஏ. இரண்டாம் வருடக் கள ஆய்வுக்கு வந்து, நீயும் நானும் வெயிலில் அளந்த அதே கல்வட்டங்கள். பாண்டவர்கள் ஒளிந்திருந்த இடம் என்று ஊரார் சொன்னார்கள். பெருங்கற்காலப் புதைகுழி, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாவது இருக்கும் என்று நாம் பரீட்சையில் எழுதினோம். அன்றைக்கு அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலத்துக்காரர் மகனை நான் கல்யாணம் செய்துகொண்டேன். நிலத்தைத்தான் கட்டிக்கொண்டாய் என்று நீ சொன்னாய். பாதி உண்மைதான். அந்த இடத்தில் ஏர் பூட்டக் கூடாது என்பது ஒன்றைத்தான் நான் சென்னகிருஷ்ணனிடம் கேட்டேன். அவரும் இத்தனை வருடம் காப்பாற்றினார். சுற்றிலும் ராகி போட்டோம், தக்காளி போட்டோம், இப்போது ரோஜா. நடுவில் அது மட்டும் புல்லும் கல்லுமாகக் கிடக்கிறது. கல்லுக்கு வேலி போட்டவள் என்று என்னை ஊரில் கேலி செய்வார்கள்.

இப்போது என் மகன் ஹரீஷ்குமாருக்குத் தொழிற்சாலை வேலை சலித்துவிட்டது. பெங்களூர் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து லேஅவுட் போடப் போகிறான். சாலையோரம் எல்லாருமே விற்றாயிற்று. இவருக்கும் முட்டிவலி, தோட்டத்துக்குப் போக முடிவதில்லை. என் பக்கம் பேச வீட்டில் ஆளில்லை.

உன் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையிலிருந்து வந்து தோண்டு. முறையாக, அடுக்கடுக்காக. பெரிய வட்டம் ஒன்றையாவது. நான் ஆய்வை முடிக்கவில்லை, வேலைக்குப் போகவில்லை. நான் படித்தேன் என்பதற்கு மிச்சமிருப்பது இந்த இடம் ஒன்றுதான். அது ஒரு அறிக்கையில் ஏறிவிட்டால் பிறகு அவர்கள் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும்.

வேதவல்லி


சென்னை
4 ஜூலை 2005

அன்புள்ள வேதா,

அப்பா இறந்தபோது யாருக்குமே பதில் போடவில்லை. உனக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதே.

உன்னிடம் சுற்றி வளைத்துப் பேசத் தேவையில்லை. இந்த ஆண்டுக்கான நிதி முடிந்துவிட்டது. அகழாய்வு அனுமதி டெல்லியிலிருந்து வர வேண்டும். விண்ணப்பம் இப்போது போட்டால் அடுத்த பருவத்துக்குத்தான் ஆகும், அதுவும் நிச்சயமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்வட்டம் கிடைக்காத ஒன்றியம் இல்லை, இதில் புதிதாக என்ன என்று குழுவில் கேட்பார்கள். நானே அந்த இடத்தில் இருந்தால் கேட்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டு உழாத நிலம் என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நாங்கள் தோண்டிய எல்லா இடமும் உழுது கலைந்தவை, இல்லாவிட்டால் புதையலுக்காக யாரோ குடைந்தவை. மூடுகல் அசையாத குழியை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. விண்ணப்பம் போடுகிறேன். நிலத்துக்காரர் சம்மதக் கடிதத்தில் உன் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு.

அதுவரை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்பாய். சட்டம் என்னிடம் கேட்காதே, அது வந்து சேர்வதற்குள் ஜேசிபி வந்துவிடும். போன வருடம் தருமபுரிப் பக்கம் ஒரு நடுகல் பார்த்தோம். நான்கு வழிச்சாலை அதற்காக வளைந்து போகிறது. காரணம் கல்வெட்டு இல்லை, அதன் மேல் யாரோ வைத்த பொட்டு. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் குங்குமம், நாலு எலுமிச்சம்பழம். நம் நாட்டில் இதைவிட மலிவான வேலி கிடையாது.

மனோன்மணி


ஓசூர்
20 செப்டம்பர் 2005

மனோ,

சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. ஹரீஷ் வெளியூர் போயிருந்தபோது இவரிடம் வாங்கினேன்.

நீ விளையாட்டாக எழுதினாயோ என்னவோ, நான் செய்துவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பால்காரர் வருவதற்கு முன்னால், பெரிய வட்டத்தின் கிழக்குக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன். பழக்கமில்லாத கை. மஞ்சள் தண்ணீராகிக் கல்லில் வழிந்தது. எலுமிச்சம்பழத்தை எதில் குத்துவது என்று தெரியாமல் பழைய குடைக் கம்பியில் குத்தி நட்டேன். நம் பேராசிரியர் பார்த்திருந்தால் பட்டத்தைத் திரும்ப வாங்கியிருப்பார் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

மறுவாரம் ஜேசிபி வந்தது. ஓட்டுநர் தங்கதுரை, சேலத்துக்காரர். வண்டியை நிறுத்தி இறங்கிக் கல்லைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். ஹரீஷ் கத்தினான். அவர் என்னிடம் வந்து, "எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்கம்மா. இதும்மேல மட்டும் வண்டிய உடச் சொல்லாதீங்க" என்றார். நான் சொல்லவில்லை. வண்டி திரும்பிப் போயிற்று.

அன்று சாப்பிடும்போது ஹரீஷ் கேட்டான். "எம்.ஏ. படிச்சவ பண்ற வேலையா இது? நாளைக்கு எந்த மரத்துக்குப் பொட்டு வைக்கப்போற, முன்னாடியே சொல்லிடு, பிளானை மாத்திக்கிறேன்." இவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையை முடித்த மாதிரி இருந்தது.

வேதா


சென்னை
15 நவம்பர் 2005

அன்புள்ள வேதா,

குடைக் கம்பியை வகுப்பில் சொன்னேன், உன் பெயர் இல்லாமல். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விண்ணப்பம் குழுவைத் தாண்டிவிட்டது. உழாத நிலம் என்ற ஒரு வரிதான் தாண்டவைத்தது. பானைக்குள் இருக்கும் மண்ணைச் சோதித்தால் என்ன தானியம் வைத்தார்கள் என்பதுவரை சொல்ல முடியும் என்று ஆய்வகத்தில் ஆசை காட்டுகிறார்கள். நான் ஆசைப்படுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் பழைய வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்துவைத்திருக்கிறேன். உன் கையெழுத்தில் வடக்கு அம்புக்குறி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

யாரும் கல்லின் மேல் கற்பூரம் ஏற்றாமல் பார்த்துக்கொள், சூட்டில் கல் வெடிக்கும். சாமி இப்போதைய அளவிலேயே இருக்கட்டும்.

மனோன்மணி


ஓசூர்
26 பிப்ரவரி 2006

மனோ,

அளவு என் கையில் இல்லை.

தை மாதம் சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கின. வருடா வருடம் வருவதுதான், ஜவளகிரிப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்டுப் போகும். இந்த முறை பெரிய கூட்டம். எங்கள் கடைசித் துண்டு ராகி, பக்கத்து நிலத்துத் தக்காளி எல்லாம் போயிற்று. கல்வட்டத்துக்குள் மட்டும் ஒரு அடிச்சுவடு இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிற நாகம்மா வீட்டு ராகிக் கதிர்ப் போரும் தப்பியது. நாகம்மா எங்கள் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்பவள். அவள் வருடம் முழுக்கச் சாப்பிடுவதே அந்தப் போரை அடித்துத்தான்.

யானை ஏன் உள்ளே போகவில்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். அங்கே தின்ன ஒன்றுமில்லை. உழாமல் போட்டது நான். ஆனால் விடிந்ததும் ஊரே வந்து நின்றது. நாகம்மாவுக்கு அருள் வந்தது. தெலுங்கில் கொஞ்சம், கன்னடத்தில் கொஞ்சம், தான் யானையைத் திருப்பியவள் என்றாள். அன்றே பெயர் வைத்துவிட்டார்கள், ஆனைகாத்த அம்மன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர்த் தொழிற்சாலைகளிலிருந்து பைக்கில் வருகிறார்கள். மதுரை, திருநெல்வேலிப் பிள்ளைகள், இங்கே வேலைக்கு வந்து குலதெய்வத்தை விட்டுவிட்டவர்கள். வேலை நிரந்தரமாக வேண்டும் என்று சிறிய கல்லுக்கெல்லாம் துணி சுற்றுகிறார்கள். கற்பூரமும் ஏற்றுகிறார்கள்.

போன வாரம் பொறுக்க முடியாமல் நாகம்மாவைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னேன். இது சாமி இல்லை, செத்தவர்களைப் புதைத்த குழி, ஜேசிபிக்குப் பயந்து நான் செய்த வேலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியாம அவ வெக்கச் சொல்லியிருக்காம்மா. இல்லாட்டி சாமியே கும்புடாத நீங்க ஏன் மொதல் மஞ்சள வெக்கிறீங்க?" என்றாள்.

இதற்கு நீ ஒரு பதில் எழுது, நான் அவளிடம் போய்ச் சொல்கிறேன்.

சீக்கிரம் வா.

வேதா


சென்னை
8 செப்டம்பர் 2006

அன்புள்ள வேதா,

நாகம்மாவுக்குப் பதில் எனக்கும் தோன்றவில்லை. அதனால்தான் இத்தனை மாதம் எழுதாமல் இருந்தேன்.

அனுமதி வந்துவிட்டது. ஜனவரி மூன்றாம் வாரம் வருகிறோம், நானும் மாணவர்கள் ஆறு பேரும். கூடாரம், சல்லடை எல்லாம் கொண்டுவருகிறோம். நீ ஒரு பள்ளத்துக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். பதிவேட்டில் உன் பெயரையும் எழுதியிருக்கிறேன். இதை உனக்குச் சலுகையாகச் செய்யவில்லை. அந்த மண்ணை உன்னைவிட அறிந்தவர்கள் எங்களில் இல்லை.

அதிகாரப்பூர்வமான கடிதம் ஒன்றைத் துறை முத்திரையுடன் இணைத்திருக்கிறேன். வீட்டில் காட்டு. கட்டுமானம் எதுவும் கூடாது என்பதற்கு அது போதும்.

மனோன்மணி


ஓசூர்
19 நவம்பர் 2006

மனோ,

காட்டினேன். அதுதான் தவறு.

ஹரீஷ் முத்திரையைப் பார்த்தான், முழுதும் படித்தான், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கவர்மெண்டு வந்து அம்மனை எடுத்துக்கொண்டு போகப்போகிறது, நிலத்தைச் சுற்றிக் கம்பி போட்டுப் பலகை வைத்துவிடுவார்கள், அப்புறம் ஆடு மேய்க்கக்கூட விடமாட்டார்கள் என்று. சாமி வேண்டாம் என்ற அவன்தான் இப்போது கோயில் கமிட்டித் தலைவன். லேஅவுட் நோட்டீசில் நடுவில் கோபுரம் வரைந்திருக்கிறது. ஜனவரிக்குள் கட்டிவிட்டால் யாரும் கைவைக்க முடியாது என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உனக்கு எழுதலாம் என்று எடுத்த காகிதத்தில் தேதி மட்டும் போட்டு இரண்டு தடவை வைத்துவிட்டேன். உனக்கு எழுதி என்ன ஆகும், உன்னால் செய்ய முடிந்ததைத்தான் நீ செய்துவிட்டாயே.

இவர் ஒரே ஒரு தடவை மகனிடம் சொல்லிப் பார்த்தார். "அவ கேட்டதே அது ஒண்ணுதான்டா." அவன் சொன்னான், "அம்மா ஆரம்பிச்சதத்தாம்ப்பா நான் முடிச்சு வெக்கிறேன்."

அஸ்திவாரம் எடுத்தாயிற்று. பெரிய வட்டத்துக்கு மேலேயே கருவறை. மூடுகல்லைத் தூக்கியது தங்கதுரைதான். அன்றைக்கு வண்டி ஏற்ற மாட்டேன் என்றவர், இப்போது விரதமிருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டு வந்தார். கூலி வேண்டாம் என்றார். கல் இரண்டாக உடைந்தது. கீழே பலகைக் கற்களால் ஆன அறை, நாம் எழுதிய மாதிரியே. பானைகள் வந்தன. எலும்பும் வந்தது. எலும்பு தீட்டு என்று உரச் சாக்கில் கட்டித் தென்பெண்ணையில் விட்டுவிட்டார்கள். உடைந்த பானைகளை ஜல்லியோடு அஸ்திவாரத்தில் கொட்டினார்கள். உடையாத ஒன்று, வாய்ப்பக்கம் கறுப்பும் அடி சிவப்புமாக, பளபளவென்று இருந்தது. அதைக் கருவறையில் வைக்கிறார்களாம். கழுவுவதற்கு முன்னால், உள்ளே இருந்த மண்ணைத் தட்டி ஒரு பாலித்தீன் பையில் போட்டு வைத்திருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை. அது உனக்கு.

எனக்கு முதல் மரியாதை செய்தார்கள். பட்டுப்புடவை கட்டிவிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் கத்தவில்லை, மனோ. கத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அருள் வந்துவிட்டது என்பார்கள்.

வேதா


சென்னை
2 பிப்ரவரி 2007

வேதா,

திரும்பி வந்து ஒரு வாரமாகிறது. காரில் ஏறும்போது உன்னிடம் சரியாக ஒரு வார்த்தை பேசவில்லை. மாணவர்கள் முன்னால் வேண்டாம் என்று இருந்தேன்.

சின்ன வட்டமாவது மிஞ்சியிருக்கும் என்றுதான் வந்தோம், கடைசியில் கோயில் வரிசையில் நின்றோம். வேறு எப்படி உள்ளே போவது. உன் மகன் எங்களை மரியாதையாகத்தான் நடத்தினான், பொங்கல் கொடுத்தான், கமிட்டி ரசீது கொடுத்தான். கருவறையில் அந்தப் பானைக்கு வெள்ளிப் பட்டை போட்டிருந்தார்கள். நான் ஒரு கணம் கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லோரும் கும்பிடும்போது கை தானாக உயர்ந்தது. அதை ஒரு மாணவி கவனித்தாள்.

சின்ன வட்டங்களும் தளம் போட்டு மூடியாயிற்று என்பதை நேரில் பார்த்தேன். டெல்லிக்கு அறிக்கை எழுத வேண்டும். அகழாய்வு நடைபெறவில்லை, தொல்லிடம் அழிந்துவிட்டது. அவ்வளவுதான் எழுத முடியும். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கட்டுமானம் என்று எழுதுவேன். மஞ்சள் என்று எழுத இடமில்லை. அதை உனக்குச் சொன்னது நான். ஆறு மாதம் கழித்து வரும் விளைவை யோசிக்காமல் ஒரு நல்ல வாக்கியம் எழுத வேண்டும் என்பதற்காக எழுதினேன். நீ இதுவரை ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை.

நீ கொடுத்த பையை ஆய்வகத்தில் கொடுத்தேன். எந்த அடுக்கு, எந்த ஆழம், பானை எந்த மூலையில் இருந்தது, நிமிர்ந்திருந்ததா கவிழ்ந்திருந்ததா என்று கேட்டார்கள். பதில் இல்லாவிட்டால் வாங்கமாட்டார்கள். அவர்கள் சொல்வது சரி, நானும் அதையேதான் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் நீ அன்று அங்கே இருந்தாய். பயிற்சி பெற்ற கண். பார்த்ததை எழுது. ஒரு பக்கம் போதும், நினைவிலிருந்து ஒரு வரைபடம். நேரில் கண்டவர் குறிப்பு என்று உன் பெயரிலேயே அச்சிடுவேன். எல்லாம் போகவில்லை என்றாகும்.

பையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். குறிப்போடு சேர்த்து அனுப்பு.

மனோன்மணி


ஓசூர்
22 பிப்ரவரி 2007

மனோ,

காகிதத்தை எடுத்து வடக்கு அம்புக்குறியைப் போட்டேன். இந்த முறை நேராக. அதற்கு மேல் ஒரு கோடும் போட முடியவில்லை.

அன்று நான் பார்க்கவில்லை.

பூசைக்குக் கிழக்கு முகமாக உட்காரவைத்தார்கள். ஐயர் முன்னால், ஹோமம் முன்னால். குழி எனக்குப் பின்னால், புடவைத் தலைப்பை நீட்டினால் தொடும் தூரத்தில். முதல் மஞ்சள் வைத்தவள் பாதியில் திரும்பக் கூடாது, திரும்பினால் அம்மன் இறங்கமாட்டாள் என்றாள் நாகம்மா. என் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் உட்கார்ந்திருந்தாள். பலமாகப் பிடிக்கவில்லை. நான் திரும்பியிருக்கலாம். கல் நகர்வது கேட்டது. உள்ளே காற்றுப் போவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அத்தனை காலத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் வெளிச்சம் விழுந்த நேரத்தில், என்ன இருந்தது என்று பெயர் சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்கே நான்தான். நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து பார்த்தபோது எல்லாம் மண்மேட்டில் கிடந்தது.

பயமா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. அவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தபோது, ஒரு நிமிடம், திரும்பாமல் இருப்பதுதான் சரி என்று இருந்தது. நீ கை கூப்பியதை எழுதினாயே, அந்த மாதிரி. உனக்கு அது ஒரு கணம். எனக்கு அந்த நேரம்தான் வேலை செய்ய வேண்டிய நேரம்.

ஆகவே குறிப்பு இல்லை. ஊகித்து எழுதலாம், பானைகள் தெற்கு மூலையில் நிமிர்ந்து இருந்தன என்று எழுதினால் யாரும் மறுக்கப்போவதில்லை. நீயும் நம்புவாய். அதனால் எழுதவில்லை.

மஞ்சளைப் பற்றி நீ வருத்தப்பட வேண்டாம். எழுதியது நீ. பூசியது நான்.

பையை அவிழ்த்து மண்ணை ரோஜாப் பாத்தியில் கொட்டிவிட்டேன். கொட்டும்போது விரலால் ஒரு தடவை அளைந்து பார்த்தேன். பக்கத்தில் கிடந்த மண்ணோடு சேர்ந்ததும் எது எது என்று தெரியவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. மஞ்சள் அரைக்க வேண்டும். முதல் மஞ்சள் என் கையால்தான் என்று வழக்கமாகிவிட்டது. நான் போகும்வரை கதவைத் திறக்கமாட்டார்கள், வெயிலில் ஆட்கள் நிற்பார்கள். இப்போதெல்லாம் மஞ்சள் வழிவதில்லை, பதம் கைக்கு வந்துவிட்டது.

வேதா